கொல்லையில் உடைத்த பூசணிக்காய்

இதைக் கேட்டவர்கள் தலையைச் சொறிவார்கள், சொறியட்டும். நானே இன்னும் சொறிந்துகொண்டுதான் இருக்கிறேன். கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் பக்கத்தில், சண்முகா நகர் என்று ஒரு குடியிருப்பு. அதன் நாலாம் தெருவில் ஒரு வீட்டுக்கு, ஒரு விஜயதசமி காலையில், முன்பக்கம் பின்பக்கமாகவும் பின்பக்கம் முன்பக்கமாகவும் மாறிப்போனது. நான் அந்த நகர் நலச்சங்கத்தின் செயலாளர். யாரால் மாறியது என்று கேட்டால் தெரு முழுக்க என் வீட்டைத்தான் கைகாட்டும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு திருமேனியுடையது. அவனிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் உண்டு, அதைக் கல்யாணங்களுக்கு மட்டும்தான் ஓட்டுவான். இந்த ஊர் மணப்பெண்களில் பாதிப்பேர் அதன் பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துதான் மண்டபம் போனார்கள். மனைவி செண்பகவல்லி. பிள்ளை கிடையாது. அவர்கள் கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அஞ்சாம் தெருவைப் பார்த்து நிற்பது அண்ணன் மாணிக்கவாசகத்தின் வீடு. அவர் எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளை நிறுத்துப் பார்த்தவர், ஒரு கிலோ கூட்டியும் சொல்ல மாட்டார் குறைத்தும் சொல்ல மாட்டார், வாயிலிருந்து விழுந்த சொல்லும் அப்படித்தான். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை, ஒரே போர்வெல், ஒரே துவைகல். அண்ணன் மனைவி இந்திராணி பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனதால், அவர்கள் மகள் நித்யகலா தவழ ஆரம்பித்ததிலிருந்து ஏழு வயதுவரை செண்பகவல்லியின் இடுப்பில்தான் வளர்ந்தாள். கீழே விழுந்தால் அம்மாவைக் கூப்பிடாமல் 'சித்தி' என்று அழுகிற பிள்ளை. பிஞ்சு வெண்டைக்காயைப் பறிக்காமல், செடியில் இருக்கும்போதே குனிந்து, நடுவே சந்துள்ள முன்பல்லால் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அப்படியே விட்டு ஓடுகிற பிள்ளை.

அப்புறம் செப்டிக் டேங்க் வந்தது. அண்ணன் தோண்டிய குழி போர்வெல்லுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று தம்பி சொல்ல, அளந்துதான் தோண்டினேன் என்று அண்ணன் சொல்ல, அளக்கத் தெரிந்தவன் மூக்கு இல்லாதவனா என்று தம்பி கேட்க, மூக்கிலிருந்து பேச்சு முகத்துக்குப் போய், முகத்திலிருந்து அப்பன் பாட்டனுக்குப் போய், மூன்றே நாளில் இரண்டு கொல்லைக்கும் நடுவே ஆறடி மதில் எழுந்து நின்றது. மதிலின் மேல் அண்ணன் பச்சை சோடா பாட்டில்களை உடைத்துப் பதித்தார், தம்பி பழுப்பு மருந்து பாட்டில்களை உடைத்துப் பதித்தான். கடைசிச் சில்லைப் பதித்துவிட்டு மாணிக்கவாசகம் நாலாம் தெருவுக்கே நடந்து வந்து, எல்லோரும் கேட்க, "இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பெறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினேழு வருஷம் மிதிக்கவில்லை.

போன ஆவணியில் நித்யகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம். எங்களுக்குத் தெரிந்த அன்றே செண்பகவல்லிக்கும் தெரிந்தது. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பதினேழு வருஷமாக நெருஞ்சியும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்த கொல்லையில் இறங்கினாள். மாணிக்கவாசகம் வீடுவீடாகப் பத்திரிகை வைக்கப்போவார், எல்லா வீட்டுக்கும் வைப்பார், ஒரு வீட்டைத் தவிர. அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவள் வெட்டினாள். களையைப் பிடுங்கி, ஆட்டு எரு கலந்து, பாத்தி கட்டி, குளிக்கிற தண்ணீர் போகும்படி வாய்க்கால் இழுத்து, நாற்றாக வாங்கி வந்த கத்தரியும், விதை ஊன்றிய வெண்டையும், பந்தலில் அவரையும், மதிலோரம் பூசணியும் வைத்தாள். "எதுக்கும்மா திடீர்னு?" என்று நான் கேட்டதற்கு, "காய் விக்கிற வெலைக்கு வேற என்ன சார் செய்ய?" என்றாள். பொய். அந்தப் பிள்ளையின் பந்தியில் தன் கையால் விளைந்தது ஒரு கூட்டாவது இருக்கவேண்டும் என்று நினைத்தாள், யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மட்டும் நினைக்கவில்லை.

அவள் பின்னால் வெட்ட வெட்ட, திருமேனி முன்னால் கார் ஷெட்டைக் காலிசெய்தான். பழைய டயர், காய்ந்துபோன பெயின்ட் டப்பா, எலி கடித்த சீட்டுப் பஞ்சு, ஆறு வருஷத்துக் காலண்டர்கள் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, தகரத்துக்கு வெள்ளி நிறம் அடித்து, தரைக்கு சிமென்ட் பூசி, பக்கச் சுவரில் ஆணி அடித்து ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் என்று ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கவேண்டும் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். கடைசி ஆணியில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், ஒரு பெடல் இல்லாதது. அதற்கும் துரு எடுத்து எண்ணெய் போட்டிருந்தான். "ஆயுத பூஜை வருதுல்லா" என்றான், நான் கேட்காமலே. இவனும் பொய். ஒருவேளை அண்ணன் வந்துவிட்டால் வீடு வீடாக இருக்கட்டும் என்பதுதான் உண்மை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு புருஷன் மனைவிக்கும் மனைவி புருஷனுக்கும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் என் நோட்டீஸ் வருகிறது. அதற்கு முந்தைய வருஷத்து ஆயுத பூஜைக்கு மறுநாள், யாரோ நடுத்தெருவில் உடைத்துப் போட்ட திருஷ்டிப் பூசணிக்காயில் என் ஸ்கூட்டர் வழுக்கி எனக்குக் காறை எலும்பு விலகிவிட்டது. கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் கையைப் போட்டபடியே நான் சங்கத்தைக் கூட்டி, தெருவில் பூசணிக்காய் உடைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டு, முச்சந்திப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். யாருமே மதிக்கவில்லை, திருமேனியைத் தவிர. அவன் இந்தத் தடவை ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான், பலகையைப் பார்த்தான், திரும்பி வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லைக்குப் போய், அண்ணன் மதிலுக்கு முன்னால் ஓங்கி உடைத்தான். "சார் சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்" என்று செண்பகவல்லியிடம் சொன்னானாம். ஒரு அர்த்தமும் இல்லை, எனக்குத் தோள் வலித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கார் கொல்லையில் நின்றது, தோட்டம் ஷெட்டில் நின்றது.

கார் மாலையோடும் பொட்டோடும், எலுமிச்சம்பழம் நசுங்காமல், மதிலைப் பார்த்து நின்றது. நேற்று ஷெட் சுவரில் தொங்கிய ஸ்பேனரும் ஜாக்கியும் சுத்தியலும் மூன்று சக்கர சைக்கிளும் சாக்குக்கட்டிக் கோடு மாறாமல் மதிலில் தொங்கின. முன்னால், வெள்ளி அடித்த தகரக்கூரையின் கீழே, கத்தரி பாத்தியில் கத்தரியும் வெண்டை பாத்தியில் வெண்டையும், அவரைப் பந்தல் உத்திரத்தைத் தொட்டபடியும், வாய்க்காலில் ஈரம் காயாமலும், எல்லாம் தெருவைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. புதுச் சிமென்ட் தரை எங்கே என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தோம், முழங்கை ஆழத்துக்குக் கரிசல் மண். வீட்டுக்குப் பக்கத்துச் சந்து மூன்றடி, காரின் அகலம் ஐந்தரை அடி, இதை நானே டேப் பிடித்து அளந்தேன். இன்னும் இரண்டு தடவை அளந்தேன், அப்போதும் அப்படியேதான் இருந்தது.

திருமேனி காரைச் சுற்றி வந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, "காத்து இருக்கு" என்றான்.

செண்பகவல்லி தெருவாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தவள் கத்தரிச்செடியைப் பார்த்தாள். "ஏங்க, முன்னால நின்னா காய ஆடு தின்னுருமே" என்றாள். அவளுடைய முதல் கவலை அதுதான்.

எங்களுக்கும் பெரிதாக ஆச்சரியம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. எப்படி நடந்தது என்று ஒரு மணி நேரம் பேசினோம். பால்காரர் சுடலை, "வாசல்ல ஒடைக்க வேண்டியத கொல்லையில ஒடச்சா வீடு என்ன செய்யும் பாவம், அதுதான் வாசல்னு நெனச்சிக்கிட்டு" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போக, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் இதை எப்படி வைத்துக்கொண்டு வாழ்வது என்பதுதான் பேச்சு. சுடலை பாலை முன்னால் ஊற்றுவதா பின்னால் ஊற்றுவதா என்று தெரியாமல், சந்தில் நடுவே நின்று குரல் கொடுத்தார், யார் எந்தப் பக்கம் வருகிறார்களோ அங்கே ஊற்றினார். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் வெண்டைக்குள் கால் வைத்து நடந்து, கணக்கை எழுதி, "மீட்டர் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம், எங்க ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர் கதவு எண் இருக்கும் பக்கம் என்றார், எண் எழுதிய பலகையோ பந்தலுக்குள் மறைந்துபோயிருந்தது. வாஸ்து பார்ப்பவர் ஒருவர் திசைகாட்டியோடு வந்து, முள் நிற்காமல் சுற்றுவதைப் பார்த்து, காபி குடித்து, கொஞ்ச நாள் மொட்டைமாடியில் இருங்கள் என்று சொல்லிப் போனார்.

பெண்கள்தான் சீக்கிரம் பழகினார்கள். வெயில் படாத தகரத்தின் கீழே காய் அப்படிக் காய்த்தது, போகிற வருகிறவர்கள் எல்லாம் இரண்டு கத்தரிக்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வதக்கினால் லேசாகப் பெட்ரோல் வாசனை வரும். முதல் நாள் மூக்கைச் சுளித்தவர்கள் மூன்றாம் நாள் பெருங்காயத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஐந்தாம் நாள் முழங்கால் வலிக்கு நல்லது என்றார்கள், நானும் சாப்பிட்டேன், வலி கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. முன்பெல்லாம் கொல்லை வழியாக வந்து உரிமையோடு உறைமோர் கேட்கிறவர்கள் இப்போது தெரு வழியாக வந்தார்கள், வந்தவர்களுக்குச் செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை, கையில் எடுத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார்கள். பாத்திரம் துலக்கும் கல் காருக்குப் பக்கத்தில், கோலம் போடும் இடம் கத்தரிக்குப் பக்கத்தில். செண்பகவல்லி கோலப்பொடிக் கிண்ணத்தோடு விடிந்ததும் தெருப்பக்கம் வருவாள், நிற்பாள், கொல்லைப்பக்கம் போவாள், நிற்பாள், கூடத்துக்குத் திரும்பி வந்து கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். பத்து நாள் அந்த வீட்டில் எந்தப் பக்கமும் கோலம் இல்லை.

திருமேனிக்கோ வேலை நின்றுபோனது. கல்யாண மாதம் பிறந்துவிட்டது, ஆட்கள் கேட்டு வருகிறார்கள், வண்டி நாலு பக்கமும் சுவருக்குள். மதிலில் ஒரு வண்டி போகிற அளவுக்கு உடைத்தால் அண்ணன் முற்றம், அவர் வீட்டுப் பக்கவாட்டில் வண்டி போக வழி உண்டு, அதைத் தாண்டினால் அஞ்சாம் தெரு. "ஒரு வார்த்தை கேளேன்ப்பா" என்றேன். "வண்டி துருப்பிடிச்சாலும் சரி சார்" என்றான். பேட்டரி இறங்கக்கூடாது என்று தினமும் காலையில் பத்து நிமிஷம் இன்ஜினை மட்டும் ஓடவிடுவான். அந்தச் சத்தம் மதிலுக்கு மேலே போகும். முதல் நாலு நாள் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் படாரென்று சாத்தும். ஐந்தாம் நாளிலிருந்து சாத்தவில்லை.

அந்த வாரம்தான் மாணிக்கவாசகம் இந்திராணியோடு நாலாம் தெருவுக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தாம்பூலத் தட்டோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டில் குங்குமம் கொடுத்தார், அடுத்த வீட்டில் கொடுத்தார், கார் ஷெட்டுக்கு முன்னால் மட்டும் நடையை வேகப்படுத்தினார். ஷெட்டுக்குள் அவரைப் பந்தலின் கீழே செண்பகவல்லி களை பிடுங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அங்கே பிடுங்க ஒரு புல்கூட இல்லை. இந்திராணி மட்டும் ஒரு நொடி நின்றாள், அப்புறம் அவளும் போனாள்.

ஒன்பதாம் நாள் காலையில் செண்பகவல்லி வெண்டைக்காய் பறிக்கப் போனாள். தெருவோரச் செடியில், செடியிலேயே, ஒரு பிஞ்சு வெண்டைக்காய் பாதி கடிபட்டுத் தொங்கியது. கடித்த இடத்தில் இரண்டு முன்பல்லும் நடுவே ஒரு சின்னச் சந்தும் பதிந்திருந்தன. அவள் அங்கேயே வாய்க்கால் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, "அணில் கடிச்சிருக்கு" என்றாள்.

திருமேனி குனிந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். "ஏட்டி, எந்த அணிலுக்கு முன்பல்லுல சந்து இருக்கு?" என்றான். சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் அன்று இரண்டாவது தடவையாகக் காரைக் கழுவினான்.

அன்று சாயங்காலமே மாணிக்கவாசகம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "செக்ரட்டரி சார், பிள்ள ஒரே பிடியா நிக்கா. சித்தி வராம மணையில உக்கார மாட்டாளாம். நான் சொன்ன சொல்லு சொன்னதுதான், அதுல மாத்தம் இல்ல. இப்ப அந்த வீட்டுக்கு வாசல் எதுன்னு சங்கத்துல தீர்மானமா எழுதிக் குடுங்க. அத நான் மிதிக்க மாட்டேன். மத்தப் பக்கமா போயி பத்திரிகை குடுத்துட்டு வந்துருவேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதென்ன, தீர்ந்தது என்று நினைத்தேன். திருமேனியிடம் ஓடினேன். அவன் கேட்டுவிட்டு, "கொல்லை வழியா கீரைக்காரி வரலாம், அண்ணன் வரப்படாது சார். கூடப் பொறந்தவன் பத்திரிகை வாசல் வழியாத்தான் வரணும். வேற வழியா வந்தா நான் வாங்க மாட்டேன், அவளையும் வாங்க விட மாட்டேன்" என்றான். அப்போதுதான் முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தெருப்பக்கம்தான் வாசல் என்று எழுதினால் அண்ணன் அதை மிதிக்க மாட்டார், மதில்பக்கம் வந்தால் தம்பி வாங்க மாட்டான். மதில்பக்கம்தான் வாசல் என்று எழுதினால் அண்ணன் தெருப்பக்கம் வருவார், அது கொல்லை என்று தம்பி கதவைச் சாத்துவான். எப்படி எழுதினாலும் செண்பகவல்லிக்குப் பத்திரிகை இல்லை.

ஆனாலும் சங்கம் என்று ஒன்று இருந்தால் கூடத்தானே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஷெட்டுக்கு எதிரே தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூடினோம். அண்ணன் ஒரு கோடியில் குடையோடு, தம்பி மறுகோடியில் கையைக் கட்டிக்கொண்டு. மீட்டர் இருக்கும் பக்கம் என்றார்கள் சிலர். நிலைக்கு மஞ்சள் பூசியிருக்கும் பக்கம் என்றார்கள் சிலர். கார் எங்கே நிற்கிறதோ அது முன்பக்கம், காய் எங்கே காய்க்கிறதோ அது பின்பக்கம், உலகமெல்லாம் அப்படித்தானே என்றார் ஒருவர். கார் இல்லாத வீட்டுக்கு வாசலே கிடையாதா என்று ஒருவர் எகிறினார். சாவு எடுத்தால் எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று ஒருவர் கேட்க, கல்யாணப் பேச்சில் என்ன பேச்சு பேசுகிறாய் என்று நாலு பேர் அவரை உட்காரவைத்தார்கள். கடைசியில் சுடலை, "கோலம் போடுறது அந்தம்மா. அது எங்க கோலம் போடுதோ அது வாசல்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் தீர்மான நோட்டைத் திறந்து, தேதி போட்டு, 'மேற்படி வீட்டின் வாசல்' என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

செண்பகவல்லி கத்தரிச்செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். கையில் மண். எட்டுப் பத்து நாளாகத் தூங்காத முகம். வந்து என் நோட்டின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள், மண்ணோடு.

"எழுதாதீங்க சார்."

"எழுதாம எப்படிம்மா? ஒரு முடிவு..."

"முடிவு பண்ணித்தான சார் அந்த மதிலு வந்துச்சு. அவுக அளந்து சொன்னாக, இவுக அளந்து சொன்னாக, ரெண்டு பேருக்கும் சரியாத்தான் இருந்துச்சு. பதினேழு வருஷம் எம்பிள்ளைய நான் பஸ் ஸ்டாப்புல வச்சுப் பாத்துட்டு, பாக்காத மாதிரி நின்னேன்." நோட்டின்மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. "இப்பத்தான் எந்தப் பக்கம் எதுன்னு யாருக்கும் தெரியல. கொஞ்ச நாளைக்குத் தெரியாமலே இருக்கட்டும். ஒங்க காலுல வேணாலும் விழுறேன், எழுதாதீங்க."

நான் பேனாவை மூடினேன். மாணிக்கவாசகம் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமேனி தகரக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் தெருப்பக்கம், கத்தரிக்கு முன்னால், நாலு முழத்துக்கு ஒரு பெரிய கோலம் கிடந்தது. பொறுக்க முடியாமல் சந்து வழியாகப் போய்க் கொல்லையை எட்டிப் பார்த்தேன். காருக்கு முன்னால், மதிலடியில், அதே அளவில், அதே புள்ளியில், இன்னொரு கோலம். எது முதலில் போட்டது என்று கேட்டேன். "மறந்துபோச்சு சார்" என்றாள்.

அன்று பத்து மணிக்கு மாணிக்கவாசகம் வந்தார். வேட்டி சட்டையோடு, இந்திராணி பின்னால், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை. நாலாம் தெரு முழுக்க ஜன்னலில் நின்றது. அவர் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து, ஷெட்டுக்கு முன்னால் நின்று, யாரையும் பார்க்காமல், எடைமேடையில் லாரி எடை சொல்கிற அதே குரலில், "நான் கொல்லை வழியாத்தான் வாரேன்" என்றார். சொல்லிவிட்டு அவரைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நுழைந்தார்.

உள்ளே நிலையில் நின்ற திருமேனி அவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, அதைவிடச் சத்தமாக, "ஏட்டி, வாசலுக்கு வந்தவுகள வாங்கன்னு சொல்லு" என்றான்.

"வாங்க அத்தான், வாங்கக்கா" என்றாள் செண்பகவல்லி. தட்டை வாங்கும்போது அது சரிந்து ஒரு வாழைப்பழம் கீழே விழுந்தது. அதை இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து எடுக்கப்போய் மண்டையில் மண்டை இடித்துக்கொண்டார்கள். "பாத்துல" என்றார் அண்ணன். பதினேழு வருஷத்தில் அவர் தம்பியிடம் பேசிய முதல் சொல் அது.

அதற்கப்புறம் மதில் எத்தனை நாள் நிற்கும்? நித்யகலா சித்தப்பா வண்டியில்தான் மண்டபம் போவேன் என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் அந்தப் பக்கமிருந்து கடப்பாரையும் தம்பி இந்தப் பக்கமிருந்து கடப்பாரையுமாக ஆரம்பித்தார்கள். பச்சைச் சில்லையும் பழுப்புச் சில்லையும் இந்திராணி ஒரே வாளியில் பொறுக்கினாள். முதல் ஓட்டை விழுந்ததும் அதற்குள் கையை விட்ட மாணிக்கவாசகத்துக்குத் தட்டுப்பட்டது ஆணியில் தொங்கிய மூன்று சக்கர சைக்கிள். அதை அப்படியே வெளியே இழுத்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், அது சத்தமில்லாமல் சுற்றியது. விரலில் ஒட்டிய புது எண்ணெயைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இடிபாட்டில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. மீதி மதிலைத் தெருவே சேர்ந்து இடித்தது.

மறுநாள் அம்பாசடர் அந்த வழியாக ஊர்ந்து, அண்ணன் முற்றத்தைத் தாண்டி, அஞ்சாம் தெருவில் இறங்கியது. பின்சீட்டில் நித்யகலா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, வேனில் ஏறப்போன செண்பகவல்லியின் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பந்தியில் கத்தரிக்காய்க் கூட்டு. மாப்பிள்ளை வீட்டார் என்ன மசாலா என்று கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்தும் தோட்டம் கொல்லைக்குப் போகவில்லை, கார் ஷெட்டுக்கு வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

மறுவீட்டுக்கு நித்யகலா புருஷனோடு வந்தது ஒரு புதன்கிழமை. அண்ணன் வீட்டில் பலகாரம் முடிந்து சித்தியைப் பார்க்கக் கிளம்பினாள். செண்பகவல்லி ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் சூடம் ஏற்றி, பிள்ளை முற்றம் வழியாகத்தான் வருவாள் என்று கொல்லைப்பக்கம் காருக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளையோ சித்தி வீட்டுக்கு முறையாகப் போகவேண்டும் என்று தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, கத்தரிச்செடிக்கு முன்னால் நின்று, "சித்தி" என்று கூப்பிட்டாள். செண்பகவல்லி தட்டோடு வீட்டுக்குள் ஓடி வந்து தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள், இவள் புருஷனை வெண்டைக்கு நடுவே நிறுத்திவிட்டு, சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடிவிட்டாள். "நித்தி, எங்கட்டி நிக்க?" "சித்தி, இங்க நிக்கேன்!" இவள் அங்கே, அவள் இங்கே, சூடம் படபடக்க, ஆரத்தித் தண்ணீர் கூடமெல்லாம் சிந்த, நாலு தடவை. திருமேனி ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் வழி சொல்கிறேன் என்று கத்தி இன்னும் குழப்பினார்கள். கடைசியில் இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஓடிவந்து நடுக்கூடத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே, மூச்சு வாங்க, சிரித்தும் அழுதும், செண்பகவல்லி ஆரத்தி எடுத்து, பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றவேண்டும், அதுதான் முறை. ஒரு கையில் தட்டும், மறு கையைப் பிடித்துக்கொண்டு விடாத பிள்ளையுமாக, அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், பிறகு நிலையோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"எங்க சார் ஊத்த?"

தெரியவில்லையே அம்மா என்றேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.